"ஆராய்ச்சில நிரூபிச்ச ப்ரொஜெக்ட்" எண்டு ஊருக்குள்ள வந்தா, அந்த ஆராய்ச்சிய நாங்களே வாசிச்சுப் பாக்கிறது எப்படி

மாதர் சங்கம், ஆர்டிஎஸ் (கிராம அபிவிருத்திச் சங்கம்), மீனவர் சங்கம் எண்டு ஏதாவது ஒண்டில பொறுப்பில இருக்கிற ஆக்களுக்கும், என்ஜிஓல பீல்ட் வேலை பாக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், கோணேசபுரி கம்பஸ் பிள்ளையளுக்கும் சேத்துத்தான் இத எழுதுறன். எங்கட திருகோணமலை மாவட்டத்தில மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, குச்சவெளி எங்க மீட்டிங் வச்சாலும் இப்ப ஒரு வசனம் கட்டாயம் வருது, "இது ஆராய்ச்சில நிரூபிச்ச முறை" எண்டு. அதக் கேட்ட உடன மண்டபமே அமைதியாகிடுது, ஏனெண்டா நாங்க ஆராய்ச்சி படிச்ச ஆக்கள் இல்ல எண்டு ஒரு எண்ணம். அந்த எண்ணம் பிழை. அந்த ஆராய்ச்சில நிறைய இன்டர்நெட்ல சும்மா கிடக்கு, வாசிக்கிறதுக்கு ஒரு ஃபோனும் ஏஎல் படிக்கிற பிள்ளை ஒண்டும் பக்கத்தில இருந்தாக் காணும்.

ஏன் இப்ப இது அவசரம் எண்டா, வெளிநாட்டுக் காசு வத்திக்கொண்டு வருது. 2024 ல பணக்கார நாடுகள் குடுத்த உதவி அதுக்கு முதல் வருசத்த விட 7.1 வீதம் குறைஞ்சது எண்டு அந்த நாடுகள்ட அமைப்பான ஓஈசிடிட முதல் கணக்குச் சொன்னது, 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிப்பாட்டி ஜூலை 1 ஓட அவங்கட உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் மூடியே போச்சு, பிரிட்டன் தேசிய வருமானத்தில 0.5 வீதம் குடுத்தத 2027 க்குள்ள 0.3 க்கு இறக்கப் போகுது. மிச்சம் இருக்கிற கொஞ்சக் காசுக்கு எல்லாரும் ஓடுறாங்க, ஓடுறவங்க எல்லாரும் கைல ஒரு ஆராய்ச்சியப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடுறாங்க. அதால எது எங்களுக்குச் சரிவரும், எது வராது எண்டு பாக்கிற வேலை எங்கட தலைலயும் விழுந்திருக்கு.

முதல் வேலை, பேரக் கேளுங்க. "எந்த ஆராய்ச்சி சேர்? யார் செய்தது? எந்த வருசம்?" எண்டு மரியாதையாக் கேட்டு ஒரு துண்டில எழுதி எடுங்க. பேர் சொல்லத் தெரியாட்டி அடுத்த மீட்டிங்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. பேர் கிடைச்சா கூகுள் ஸ்கொலர்ல போட்டுப் பாருங்க, காசு கட்டச் சொல்லி வந்தா அந்த ஆராய்ச்சியாளர்ட சொந்தப் பக்கத்தில இல்லாட்டி உலக வங்கிட பக்கத்தில அதே பேப்பர் பெரும்பாலும் பிடிஎஃபா சும்மா இருக்கும். ஜேபால் (J-PAL) எண்ட அமைப்பு நிறைய ஆராய்ச்சிகள ரெண்டு மூண்டு பக்கத்தில சுருக்கிப் போட்டு வச்சிருக்கு, த்ரீ ஐ ஈ (3ie) எண்ட அமைப்பும் இதுகளத் தேடி எடுக்கிற மாதிரி ஒழுங்குபடுத்தி வச்சிருக்கு. ஒண்டும் கிடைக்காட்டி ஆராய்ச்சியாளருக்கே ரெண்டு வரி ஈமெயில் போடுங்க, பெரும்பாலும் சந்தோசமா அனுப்புவாங்க. பவர்பொயின்ட்ல ரெண்டு வரியப் பாத்துட்டு மட்டும் நம்பவும் வேணாம், எதிர்க்கவும் வேணாம்.

பேப்பர் கைல வந்தா முதல்ல பாக்க வேண்டியது, எதோட எத ஒப்பிட்டிருக்கிறாங்க எண்டு. "ப்ரொஜெக்ட்டுக்கு முன்னம் வருமானம் இவ்வளவு, பிறகு இவ்வளவு" எண்டு மட்டும் இருந்தா அது ஆராய்ச்சியே இல்ல எண்டுதான் நான் சொல்லுவன். எங்கட கரைய யோசிச்சுப் பாருங்க. வாடைக்குள்ள, டிசம்பர்ல, கடல் கொந்தளிப்பா இருக்கேக்க சல்லிலயோ இரக்கக்கண்டிலயோ வந்து சேர்வே எடுத்தா எந்த வீட்டிலயும் வருமானம் இராது. அடுத்த சேர்வே ஜூன்ல எடுத்தா கரைவலை ஓடுது, நிலாவெளி ஹோட்டல் எல்லாம் ஆக்கள் நிரம்பி இருக்கு, எல்லா வீட்டிலயும் காசு. இடையில அவங்க குடுத்தது ரெண்டு நாள் ட்ரெய்னிங்கும் ஒரு ஃபைலும் எண்டாலும் ரிப்போட்ல வருமானம் ரெண்டு மடங்கு எண்டு வந்துடும். அதால ரெண்டு சேர்வேயும் எந்த மாசம் எடுத்தது எண்டு கேளுங்க, திருகோணமலைல இது ஒண்டே பாதிக் கேள்வி.

இந்தப் பிரச்சினையத் தீக்கத்தான் குலுக்கல் முறை வந்தது. தகுதியான ஆக்கள எல்லாம் பதிஞ்சு, குலுக்கல்ல பாதிப் பேருக்கு ப்ரொஜெக்ட்டக் குடுத்து, மிச்சப் பேரையும் அதே மாசத்தில போய்ப் பாக்கிறது. காலநிலை, விலைவாசி, சீசன் எல்லாம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான், அதால வாற வித்தியாசம் ப்ரொஜெக்ட்டால வந்தது எண்டு ஓரளவுக்கு நம்பலாம். இத வளர்ந்துவாற நாடுகள்ள பெரிசாக் கொண்டுபோனதுக்குத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கல் கிரேமர் மூண்டு பேருக்கும் 2019 ல பொருளியல் நோபல் கிடைச்சது. 2015 ல அதே நோபல் எடுத்த அங்கஸ் டீட்டனும் நான்சி கார்ட்ரைட் எண்ட தத்துவப் பேராசிரியரும் 2018 ல எழுதின கட்டுரைல, ஒரு இடத்தில குலுக்கல்ல வேலை செய்தது எண்டதுக்காக இன்னொரு இடத்திலயும் வேலை செய்யும் எண்டு சொல்ல ஏலாது, ஏன் வேலை செய்தது எண்டு தெரியோணும் எண்டு விளக்கமா வாதாடுறாங்க. என்னைக் கேட்டா ரெண்டு பக்கமும் எங்களுக்கு வேணும். முதல் பக்கம் பொய்க் கணக்கில இருந்து காப்பாத்தும், ரெண்டாவது பக்கம் நிசக் கணக்க இஞ்ச கண்மூடி ஒட்டுறதில இருந்து காப்பாத்தும்.

அடுத்த கேள்விதான் எனக்கு எல்லாத்திலயும் பெரிசு. யாருக்கு வேலை செய்தது? பேப்பர்ல வாறது சராசரி. சராசரிக்குள்ள ஆக்கள் மறைஞ்சு போயிடுவாங்க.

இதுக்கு எங்கட நாட்டிலயே நடந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு, உலகம் முழுக்க எடுத்துக் காட்டுறது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்ஸி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூண்டு பேரும் 2005 ல தொடங்கி காலி, மாத்தறை, களுத்துறைல சின்னச் சின்னத் தொழில் செய்யுற ஆக்களக் குலுக்கல்ல எடுத்து சிலருக்கு 10,000 ரூபா, சிலருக்கு 20,000 ரூபா குடுத்தாங்க, கடன் இல்ல, திருப்பிக் குடுக்கத் தேவையில்ல, சிலருக்குக் காசாவும் சிலருக்கு சாமானாவும். 2008 ல வந்த முடிவு, போட்ட முதலுக்கு மாசம் ஒண்டுக்கு 4.6 இருந்து 5.3 வீதம் வரைக்கும் வருமானம் வந்திருக்கு. பாங்க் வட்டிய விட எவ்வளவோ கூட. ஏழைகளுக்குத் திறமை இல்லாமல் இல்ல, முதல்தான் இல்ல எண்டதுக்கு இதத்தான் ஆதாரமாக் காட்டினாங்க.

ஆனா ஆம்பிளை பொம்பிளை எண்டு பிரிச்சுப் பாத்தா, அந்த வருமானம் முழுக்க ஆம்பிளையளிட தொழிலில. பொம்பிளையளிட தொழிலில கிட்டத்தட்டப் பூச்சியம். இத வச்சு பொம்பிளையளுக்குக் காசு குடுத்துப் பலன் இல்ல எண்டு கதைச்ச ஆக்களும் இருந்தாங்க. பத்து வருசத்துக்குப் பிறகு, 2019 ல, ஏரியல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகினி பாண்டே, நத்தாலியா ரிகோல் நாலு பேரும் இலங்கை, இந்தியா, கானா மூண்டு நாட்டுத் தரவையும் திரும்ப எடுத்து வீடு வீடாப் பாத்தாங்க. பொம்பிளைக்குக் குடுத்த காசு பல இடத்தில புருசன்ட தொழிலுக்குப் போயிருக்கு. வீட்டு மொத்த வருமானத்தப் பாத்தா ஆம்பிளைக்குக் குடுத்தாலும் பொம்பிளைக்குக் குடுத்தாலும் ஒரே அளவுக்குத்தான் கூடியிருக்கு. வீட்டில தொழில் செய்யுற ஒரே ஆள் அந்தப் பொம்பிளைதான் எண்டு இருந்த இடத்தில அவட தொழிலிலயே நல்ல வருமானம் வந்திருக்கு.

இத வாசிச்சபோது எனக்கு எங்கட லேன்ல இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குப் போடுற அக்காதான் ஞாபகம் வந்தா. அவட பேரில வந்த வாழ்வாதாரக் காசில ஸ்டீமர் வாங்கிறது எண்டு ஃபோம்ல எழுதினது, உண்மையில போனது அவட புருசன்ட போட் இன்ஜின் திருத்த. மொனிட்டரிங் ஒபிசர் வந்து ஸ்டீமரக் கேட்டா அவ தோத்துப்போன பயனாளி. ஆனா இன்ஜின் ஓடினதால பிள்ளைட டியூஷன் காசு நிக்கேல்ல, கடைக்கடன் குறைஞ்சது. அந்தக் காசு வீணாப் போச்சா? அத ஸ்டீமரா மட்டும் அளந்தா வீண்தான், வீடா அளந்தா இல்ல. அதே நேரம், இன்ஜின்ல வந்த காசில அவக்குச் சொந்தமா ஒரு சதம் கைல நிண்டுதா எண்ட கேள்வி வேற, அது எந்தக் கணக்கிலயும் இல்ல. வீட்டு வருமானம் கூடினது எண்டா எல்லாம் சரி எண்டும் விட்டுட ஏலாது. பெண் தலைமைக் குடும்பங்கள் எங்கட மாவட்டத்தில எவ்வளவு எண்டு உங்களுக்கே தெரியும், அவங்களுக்கு இந்த 2019 முடிவு சரியான முக்கியம், "பொம்பிளையளுக்குப் பலன் இல்லயாம்" எண்டு யாராவது சொன்னா இதத் தூக்கிக் காட்டுங்க.

பேப்பர்ல அட்டவணை வந்தாப் பயந்து பக்கத்தத் தள்ளாதீங்க, உண்மை அங்கதான் இருக்கு. சும்மா உதாரணத்துக்கு, மாத வருமானம் எண்ட வரிசைல 1,200 எண்டு போட்டு அதுக்குக் கீழ அடைப்புக்குறிக்குள்ள 900 எண்டு இருக்கு எண்டு வைப்பம். மேல இருக்கிறது ப்ரொஜெக்ட் கிடைச்ச ஆக்களுக்கும் கிடைக்காத ஆக்களுக்கும் இடையில வந்த வித்தியாசம், கீழ இருக்கிறது அந்த இலக்கத்தில எவ்வளவு ஆட்டம் இருக்கு எண்டது. மேல இருக்கிறதக் கீழ இருக்கிறதால பிரியுங்க, ரெண்டுக்குக் கிட்டவோ கூடவோ வந்தா வித்தியாசம் தற்செயல் இல்ல எண்டு ஓரளவு சொல்லலாம், இஞ்ச 1.3 தான் வருது, அதால ஒண்டும் சொல்ல ஏலாது. பக்கத்தில நட்சத்திரக் குறி போட்டிருப்பாங்க, கூட நட்சத்திரம் எண்டா கூட நம்பிக்கை. ஆனா நட்சத்திரம் இருக்கு எண்டதும் விட்டுடாதீங்க, கடைசி வரிசைல பெரும்பாலும் ப்ரொஜெக்ட் கிடைக்காத ஆக்கள்ட சராசரி இருக்கும், அது 20,000 எண்டா 1,200 எண்டது 6 வீதம்தான். அதே 6 வீதத்த "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" எண்டு தமிழில ஸ்லைட்ல போடுவாங்க.

எத்தின விசயம் அளந்தாங்க எண்டும் எண்ணுங்க. வருமானம், சேமிப்பு, சாப்பாடு, மனநிலை எண்டு இருபது விசயம் அளந்தா ஒண்டாவது தற்செயலா நல்லா வாறதுக்குச் சான்ஸ் இருக்கு, அந்த ஒண்ட மட்டும் தூக்கிக் காட்டினா அது ஏமாத்து. இதுக்காகத்தான் என்ன அளக்கப் போறம் எண்டு முதலே எழுதிப் பதியுற பதிவேடு ஒண்ட அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2013 ல தொடங்கினது, அதையும் ஆரும் திறந்து பாக்கலாம்.

இன்னொண்டு, முதல் சேர்வேல இருந்து ரெண்டாவது சேர்வேல இல்லாமப் போனவங்க யார்? மூதூர், கிண்ணியாப் பக்கம் கடன் கழுத்த நெரிச்சா முதல்ல நடக்கிறது என்ன, அம்மா வெளிநாட்டுக்குப் போறா. அந்த வீட்ட ரெண்டாவது சேர்வேல "ஆள் இல்ல" எண்டு விட்டா, கஸ்டப்பட்ட வீடு கணக்கில இருந்து கழண்டுபோய் மிச்ச ஆக்கள்ட சராசரி அழகா வரும்.

கடன் எண்டதும் மைக்ரோபினான்ஸ், அதாவது ஏழைகளுக்குக் குடுக்கிற சின்ன லோன், பத்திக் கதைக்க வேணும். 2006 ல முகமது யூனுஸுக்கும் கிராமீன் பாங்குக்கும் சமாதான நோபல் கிடைச்ச நேரம், குறூப் லோன் வறுமைய ஒழிச்சிடும் எண்டுதான் உலகம் நம்பினது. 2015 ல பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொரோக்கோ எண்டு ஆறு நாட்டில செய்த குலுக்கல் ஆராய்ச்சிகள் ஒண்டாச் சேந்து வந்தது, முடிவு, கொஞ்சம் நல்லது செய்யுது, வாழ்க்கைய மாத்தேல்ல. இத வச்சு ரெண்டு பக்கமும் கதைக்கலாம், கவனமா இருங்க. "பெரிய கெடுதலும் இல்லயே" எண்டு ஒரு லோன் கொம்பனிக்காரர் சொன்னா, அது அந்த ஆறு இடத்துச் சராசரி. ஒரே வீட்டு வாசலில ஒரே கிழமைல நாலு கொம்பனி வந்து நிண்டு, ஒரு லோனக் கட்ட இன்னொரு லோன் எடுத்த எங்கட பொம்பிளையளிட நிலமை அந்தச் சராசரிக்குள்ள இல்ல. 2018 ல ஐநா நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்துட்டுப் போய் இதப் பத்தி எச்சரிச்சவர், அதே வருசம் அரசாங்கம் வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்துப் பொம்பிளையளிட 1 லட்சம் ரூபாவுக்குள்ளான லோன்கள இரத்துச் செய்ய முடிவெடுத்தது. புதுசா ஒரு லோன் ப்ரொஜெக்ட் வந்தா நீங்க கேக்க வேண்டியது, ஏற்கனவே ரெண்டு மூண்டு லோன் இருக்கிற வீடுகள்ள இது என்ன செய்தது எண்டு உங்கட ஆராய்ச்சி பாத்ததா?

அடுத்தது, ஆராய்ச்சி நடந்த இடத்தில குடுத்த முழுசையும் இஞ்ச குடுக்கிறாங்களா எண்டு. பங்களாதேஷில பிராக் எண்ட என்ஜிஓ 2002 ல தொடங்கின ஒரு முறை இருக்கு, மிகவும் வறிய குடும்பத்துக்கு ஆடோ மாடோ ஒரு சொத்து, அது பலன் தரும் வரைக்கும் சாப்பாட்டுக்குக் காசு, ட்ரெய்னிங், சேமிப்பு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பாக்கிற ஒரு ஆள், இது எல்லாம் சேத்து ரெண்டு வருசம். ஆறு நாட்டில சோதிச்சு 2015 ல வந்த முடிவு உண்மையிலயே நல்லம், ப்ரொஜெக்ட் முடிஞ்ச பிறகும் பலன் நிண்டிருக்கு. இப்ப இஞ்ச அதே பேரில வாறது பல நேரம் ரெண்டு ஆடும் ஒரு நாள் வகுப்பும். சாப்பாட்டுக் காசு இல்லாட்டி அந்த வீடு ரெண்டாம் மாசமே ஆட்ட வித்துத்தான் ஆகும், அது அவங்கட பிழை இல்ல. அதால ஆராய்ச்சில இருந்த பகுதிகள ஒரு பக்கம் எழுதி, எங்களுக்கு வாறத மற்றப் பக்கம் எழுதி, எது விடுபட்டிருக்கு எண்டு மீட்டிங்ல வாசிங்க.

செலவையும் கேளுங்க, வெக்கப்படாதீங்க. மொத்த பட்ஜெட்ட குடும்ப எண்ணிக்கையால பிரிச்சா ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? அதில வீட்டு வாசலுக்கு வாறது எவ்வளவு? கென்யால 653 கிராமத்தில நடந்த ஆராய்ச்சில ஏழைக் குடும்பத்துக்கு ஏறக்குறைய 1,000 டொலர் சும்மா காசாக் குடுத்துப் பாத்தாங்க, 2022 ல வந்த முடிவுப்படி குடுத்த ஒவ்வொரு டொலரும் அந்தப் பகுதிப் பொருளாதாரத்தில 2.5 டொலர் அளவுக்குச் சுத்தியிருக்கு, காசு கிடைக்காத அயலவருக்கும் பலன் போயிருக்கு, விலைவாசியும் பெரிசா ஏறேல்ல. காசுதான் எல்லாத்துக்கும் மருந்து எண்டு நான் சொல்லேல்ல, கிணத்தையும் றோட்டையும் வீட்டுக்கு வீடு காசு குடுத்துக் கட்ட ஏலாது. ஆனா "இதே தொகையக் காசாக் குடுத்தா இத விடக் கூடப் பலன் வராதா?" எண்டது இப்ப உலகத்தில பெரிய பெரிய நிறுவனங்களே தங்களத் தாங்களே கேக்கிற கேள்வி, எங்கட சங்கம் கேட்டாத் தப்பில்ல.

யாருக்குக் குடுக்கிறது எண்ட சண்டையும் உலகளவில நடக்குது. அரசாங்கத்திட நிவாரணக் காசான அஸ்வெசும 2023 ல வந்தபோது வீட்டப் பாத்து, சாமானப் பாத்து, புள்ளி போட்டுத் தெரிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இப்படிப் புள்ளி போடுற முறைய ஆப்பிரிக்காவில ஒன்பது நாட்டில பாத்து கெய்ட்லின் பிரவுண், மார்ட்டின் ரவாலியன், டொமினிக் வான் டி வால் 2018 ல எழுதினாங்க, வசதியான ஆக்களத் தள்ளுறதில கெட்டியா இருக்கிற இந்த முறை நிசமான ஏழைகள்ளயும் நிறையப் பேர விட்டுடுது எண்டு. உங்கட ஊரில விடுபட்ட வீட்டுக்கு இது ஒரு ஆதாரம். மேன்முறையீடு எழுதேக்க கல்வீடு இருக்கு, உழைக்கிற ஆள் இல்ல எண்டு விபரமா எழுதுங்க, புள்ளி பாக்காத விசயம்தான் அங்க சொல்லப்பட வேணும்.

ஒரு விசயம் இதுகள் எல்லாத்துக்கும் மேல நிக்குது. லன்ட் பிரிட்செட் எண்ட பொருளியலாளர் விடாமச் சொல்லிக்கொண்டு இருக்கிறார், ஒரு நாடு வறுமைல இருந்து மீண்டது முழு நாட்டுப் பொருளாதாரமும் வளந்ததாலதான், சின்னச் சின்னப் ப்ரொஜெக்ட்டால இல்ல எண்டு. எங்களுக்கு இது நேரா விளங்கும். உலக வங்கிக் கணக்கில 2021 ல 13.1 வீதமா இருந்த எங்கட வறுமை 2022 ல 25 வீதம், ஒரே வருசத்தில. எந்த ஆட்டுப் ப்ரொஜெக்ட்டும் அதத் தடுத்திருக்காது. 2006 ல யுத்தத்தில இடம்பெயர்ந்த எங்கட மாவட்டத்துச் சம்பூர்ச் சனத்துக்கு 2015 க்குப் பிறகு காணி திரும்பக் கிடைச்சத எந்தக் குலுக்கலில வச்சு அளக்கிறது? அளக்க ஏலாது எண்டதுக்காக அது சின்ன விசயமாகாது. ஆராய்ச்சில இல்லாத தேவை ஒண்டு உங்கட ஊரில முதலாவதா நிண்டா அத முதலாவதாவே சொல்லுங்க.

ஆராய்ச்சிக்காரர் உங்கட வீட்டுக்கே சேர்வே எடுக்க வந்தா, பதில் சொல்ல முன்னம் எதுக்கு, யாருக்கு, பேர் வெளில வருமா, ஆராய்ச்சியால ஆக்களுக்குக் கெடுதல் வருமா எண்டு பாக்கிற நெறிமுறைக் குழுட அனுமதி இருக்கா, முடிவ எங்களுக்குத் தமிழில கொண்டு வந்து சொல்லுவீங்களா எண்டு கேளுங்க. விருப்பம் இல்லாட்டி விலகலாம், அதால எந்த உதவியும் வெட்டுப்படக்கூடாது. நைரோபில சேரிப் பகுதில வீட்டுச் சொந்தக்காரர் தண்ணிக் காசு கட்டாத இடங்கள்ள குலுக்கல்ல எடுத்து தண்ணிய வெட்டிப் பாத்த ஒரு ஆராய்ச்சி 2020 ல வெளில வந்து உலகம் முழுக்கச் சண்டையானது, அங்க வாடகைக்கு இருந்த சனத்த ஆரும் சரியாக் கேட்டுத்தான் செய்தாங்களா எண்டதுதான் சண்டை.

வாயால கேட்டுப் பதில் வராட்டி சட்டம் இருக்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் டிஎஸ் ஒபிசுக்கு (பிரதேச செயலகம்) மட்டும் இல்ல, அரசாங்கக் காசிலயோ வெளிநாட்டு அரசாங்கம், சர்வதேச அமைப்புகள்ட காசிலயோ பெருமளவுக்கு இயங்கி மக்களுக்குச் சேவை செய்யுற என்ஜிஓக்கும் அந்தச் சேவை சம்மந்தமாப் பொருந்தும். ஒரு தாளில தமிழில எழுதினாக் காணும், காரணம் சொல்லத் தேவையில்ல. மூண்டே மூண்டு விசயம் கேளுங்க, "இத்திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதி, ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகையும் நிர்வாகச் செலவும், பயனாளிகள் தெரிவு செய்யப்பட்ட முறை". தகவல் அலுவலர் எண்டு விலாசம் போட்டு, கைல குடுத்தா திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்குங்க, தபாலில எண்டா ரெஜிஸ்டர் பண்ணுங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும், சொல்லாட்டி அங்கயே மேன்முறையீடு, அதுக்கும் சரிவராட்டி கொழும்பில தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் குடுத்த திகதிய சங்கத்திட கூட்டக் குறிப்பில எழுதிச் செயலாளர்ட்ட கையெழுத்து வாங்கி வையுங்க, மேன்முறையீட்டுக்கு அந்தப் பக்கத்திட ஃபோட்டோகொப்பியும் சேத்து அனுப்பலாம்.